முக்கூர்த்தி மலைப் புல்வெளிகள்: வேட்டைச் சட்டத்திலிருந்து தேசியப் பூங்கா வரை

நீலகிரி மேட்டுநிலத்தின் மேற்கு ஓரத்தில், கேரளத்தை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் பாறைச் சரிவின் தலைமாட்டில், 78.46 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்திருக்கிறது முக்கூர்த்தி தேசியப் பூங்கா. 1982இல் வனவிலங்குச் சரணாலயமாகவும் 1990இல் தேசியப் பூங்காவாகவும் இது அறிவிக்கப்பட்டது. இடையே 1986இல் நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தின் மையப் பகுதிகளுள் ஒன்றாயிற்று. 2012இல் யுனெஸ்கோ மேற்குத் தொடர்ச்சி மலையை உலக மரபுச் சின்னமாக ஏற்றபோது அந்தப் பட்டியலிலும் இடம்பெற்றது.

இந்த ஆண்டுகளை வரிசையாகப் படித்தால், பாதுகாப்பு படிப்படியாக வலுப்பெற்று வந்த கதையாகவே தோன்றும். ஆனால் எதைப் பாதுகாத்தோம் என்று கேட்டால் கதை வேறாகிறது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக அரசு இம்மலையில் வரையாட்டைக் காத்தது. அதே நேரத்தில் வரையாடு மேயும் புல்லின் மேல் மரம் நட்டது. காவலும் நடவும் ஒரே மலையில், பெரும்பாலும் ஒரே நிர்வாகத்தின் கீழ், ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் நடந்தன. 1982இல் சரணாலயத்தின் கைக்கு வந்தது இந்த முரண்பாடு முழுவதும்தான். அந்த முரண்பாடு எப்படி உருவாயிற்று, எப்போது அடையாளம் காணப்பட்டது, அதைச் சரிசெய்யும் முயற்சி இன்று எங்கே நிற்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சோலையும் புல்லும்

உயர்மலை நீலகிரியின் இயற்கைத் தோற்றம் இரண்டு நிலங்களால் ஆனது. மலை மடிப்புகளில், ஓடை போகும் வழியை ஒட்டி, குட்டையான, முறுக்கேறிய, பாசி படிந்த மரங்கள் நெருங்கி நிற்கும். இது சோலை. சோலையின் விளிம்பு கத்தியால் அறுத்ததுபோல முடிந்து, அடுத்த அடியிலேயே புல்வெளி தொடங்கிவிடும். அந்தப் புல்வெளியில் தனித்து நிற்கும் மரம் ஏறக்குறைய ஒன்றே ஒன்று: சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசு. சரிவுகளின் அடியில், நீர் தேங்கும் தாழ்விடங்களில் சதுப்பு. அங்கே மட்கியும் மட்காமலும் படிந்த தாவர எச்சங்கள் கரிய மண்ணாகப் பல அடி ஆழத்துக்குச் சேர்ந்திருக்கும்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இரவில் குளிர்ந்த காற்று சரிவு வழியே இறங்கித் தாழ்விடங்களில் தங்கும். விடியலில் புல்லெல்லாம் உறைபனி. மூடாக்கு இல்லாத இடத்தில் முளைத்த சோலை மரக் கன்று இதில் கருகிவிடும். புல்லின் குருத்தோ தூருக்கடியில் ஒளிந்திருப்பதால் மேலே காய்ந்தாலும் மழை விழுந்ததும் மீண்டும் தளிர்க்கும். காட்டுப்பூவரசின் தடித்த பட்டை பனியையும் தாங்கும், தீயையும் தாங்கும்.

புல்லை நம்பி வாழும் உயிர்கள் சோலைக்குள் புகுந்து பிழைக்க முடியாதவை. நீலகிரி நெட்டைக்காலி என்னும் சிறு பறவை புல் தூர்களுக்கு நடுவே, தரையில் கூடு கட்டும். வரையாடு திறந்த புல்லில் மேயும். புலியோ செந்நாயோ வந்தால் ஓடி ஏறப் பக்கத்திலேயே பாறை வேண்டும். புல்லும் செங்குத்துப் பாறையும் சேர்ந்திருக்கும் இடமே அதற்கு வீடு. 2005இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, இமயமலைத் தார் என்னும் காட்டாட்டோடு வரையாட்டைச் சேர்த்து வைத்திருந்த பழைய வகைப்பாட்டை மாற்றியது. இன்று இது தனிப் பேரினத்தின் ஒரே இனம். உலகில் தமிழகத்திலும் கேரளத்திலும் மட்டுமே உண்டு.

விறகுக்காக வந்த மரங்கள்

1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறியதும், அடுத்த சில ஆண்டுகளில் உதகையில் வெள்ளையர் குடியிருப்பு எழுந்ததும் எல்லாருக்கும் தெரிந்தவை. அந்தக் குடியிருப்பு என்ன எரித்தது என்பதுதான் நம் ஆய்வுக்கு வேண்டியது. குளிர்நாட்டுப் பழக்கத்தோடு கணப்பு மூட்டிய வீடுகளும் படைமுகாம்களும் பக்கத்துச் சோலைகளைத் தின்றன. மெதுவாக வளரும் அந்த மரங்கள் ஒருமுறை வெட்டினால் ஒரு தலைமுறைக்குள் திரும்பி வருவதில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரம் 1830களிலும் கற்பூர மரம் 1843இலும் கொண்டுவரப்பட்டன. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் விறகாகும் மரம் கிடைத்தால் சோலை தப்பும் என்பது அன்றைய நியாயம். அதைப் பொய் என்று சொல்ல முடியாது. 1860களிலிருந்து உதகையைச் சுற்றி எழுந்த தோப்புகள் எஞ்சிய சோலைகள் சிலவற்றுக்கு உண்மையிலேயே மூச்சுவிட இடம் கொடுத்தன. 1883இல் வன அதிகாரி ஹட்சின்ஸ் நீலகிரியில் ஆஸ்திரேலிய மரங்களின் வளர்ச்சியை அளந்து தனி அறிக்கையே எழுதினார்.

ஆனால் அந்தத் தோப்புகளை எங்கே நட்டார்கள்? பெரும்பாலும் புல்லில்தான். மரம் வளராத இடம் வீணாகக் கிடக்கும் இடம் என்ற வருவாய்க் கணக்கு அப்போதே வேரூன்றிவிட்டது. அந்த நிலம் நீலகிரியின் மேய்ச்சல் பழங்குடியினரான தோடர்களின் எருமைகள் மேய்ந்த நிலம். வறண்ட மாதங்களில் தீயிட்டு, மழைக்குப் பின் வரும் இளம்புல்லை எதிர்பார்த்திருந்த நிலம். 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்துக்குப் பிறகு காப்புக்காட்டில் தீயிடுவது குற்றமாயிற்று. மேய்ப்பவர் கண்ணில் புல்லாக இருந்தது, ஆவணத்தில் மரம் நடவேண்டிய வெற்றிடமாகப் பதிவானது.

வேட்டைக்காரர் எழுதிய காப்புச் சட்டம்

இதே கால்நூற்றாண்டில்தான் வரையாட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. துப்பாக்கி மேம்பட்டதும் வரையாடு மளமளவென்று குறைந்தது. மலையில் வேட்டையாடிய ஆங்கிலேயர்களே கவலைப்பட்டு 1877இல் நீலகிரி வேட்டை விலங்குச் சங்கத்தை அமைத்தனர். அதன் தொடர்ச்சியாக 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டைக்கு உரிமம், வேட்டை கூடாத மாதங்கள், மீறினால் அபராதம் என்று விதித்த சட்டம் அது. வரையாட்டில் பெட்டையையும் குட்டியையும் சுடக்கூடாது. முதுகில் வெள்ளிநிறம் படர்ந்த முதிய கிடாயை மட்டும் சுடலாம் என்பது சங்கத்தின் விதி.

இந்த விதியின் உயிரியல் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். பெட்டைகள் தப்பினால் கூட்டம் தப்பும். இந்தியாவின் பல மலைகளில் பெருவிலங்குகள் அற்றுப்போன அந்த நூற்றாண்டில், முக்கூர்த்தி விளிம்பில் வரையாடு நிலைத்ததற்கு இந்தக் கட்டுப்பாடும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். அதற்காக இதை இன்றைய பொருளில் இயற்கைப் பாதுகாப்பு என்று சொல்லிவிடவும் கூடாது. செந்நாய் ஒழிக்கப்பட வேண்டிய பிராணியாகக் கருதப்பட்டு, கொன்றவருக்கு வெகுமதி தரப்பட்டது. உள்ளூர் மக்கள் காலங்காலமாகச் செய்துவந்த கண்ணி வேட்டை ஒரே நாளில் திருட்டு வேட்டையானது. சட்டப் பெயரில் உள்ள ‘மீன்’ இம்மலை ஓடைகளின் சொந்த மீன் அன்று. தூண்டில் போடுவதற்காக வெளியிலிருந்து கொண்டுவர இருந்த மீன். பின்னர் ட்ரவுட் வந்தது, அவலாஞ்சியில் அதற்குக் குஞ்சுபொரிப்பகமும் எழுந்தது. துரைமாரின் பொழுதுபோக்குக்கு ஒரு மலையை ஒதுக்கிவைத்ததில் தற்செயலாகக் கிடைத்த பலன்தான் வரையாடு.

உதகையிலிருந்து கூடலூர் போகும் சாலையோரம், இன்று சினிமாப் படப்பிடிப்புக்குப் பெயர்போன ஒன்பதாவது மைல் புல்வெளி, வென்லாக் டவுன்ஸ் என்ற பெரும்பரப்பின் மிச்சம். குதிரையேறி நாய்க்கூட்டத்தோடு நரி துரத்தும் விளையாட்டுக்காக அந்தப் பரப்பு நெடுங்காலம் மரமின்றித் திறந்தே வைக்கப்பட்டது. பின்னர் அதன் பெரும்பகுதி தோப்பாகவும் தொழிற்சாலையாகவும் மாறியது. புல்லுக்கென்று ஒரு காவலர் அன்று யாரும் இல்லை.

1938: இரண்டு கட்டுரைகள்

புல்வெளி இயற்கையானதா, மனிதன் தீயிட்டு உண்டாக்கியதா என்ற கேள்வி அறிவியல் உலகில் கூர்மையாக எழுந்த ஆண்டு 1938. தாவரவியலாளர் என்.எல். போர், தீயும் மேய்ச்சலும் சோலையை அழித்ததால் விளைந்ததே இப்புல்வெளி என்றார். தீயை நிறுத்தினால் காடு தானே திரும்பும் என்பது அதன் உட்பொருள். அதே ஆண்டில் வன அதிகாரி சி.ஆர். ரங்கநாதன் மாறாக வாதிட்டார். உறைபனிதான் திறந்த வெளியில் சோலைக் கன்றுகளை எழவிடாமல் செய்கிறது. ஆகவே சோலை, புல்வெளி இரண்டுமே தத்தம் இடத்தில் நிலைத்த இயற்கை அமைப்புகள் என்பது அவர் முடிவு.

ரங்கநாதனின் கருத்தை அவர் பணிபுரிந்த துறையே அன்று ஏற்றிருந்தால் அடுத்த ஐம்பது ஆண்டுகளின் வரலாறு வேறாக இருந்திருக்கும். போரின் பக்கம் நின்றால் மரம் நடுவது இழந்ததைத் திருப்பித் தருவதாகும். ரங்கநாதனின் பக்கம் நின்றால் அதுவே அழிப்பு. சோலைக் கன்றைக் கருக்கும் பனி ஆஸ்திரேலியச் சீகையைத் தடுக்கவில்லை என்பதும், அது உறைபனியிலும் எழுந்து நிற்கும் மரம் என்பதும் நட்டவர்களுக்கு நன்மையாகவே பட்டன.

அணை, தோல், செயற்கைப் பட்டு

விடுதலைக்குப் பின் வந்த நாற்பது ஆண்டுகளே புல்வெளிக்கு மிகப்பெரிய அடி. பைக்காரா மின்திட்டம் 1930களிலேயே தொடங்கிவிட்டது. முக்கூர்த்தி அணை 1938இல் முடிந்தது. கனடா உதவியோடு 1950களிலும் 60களிலும் நடந்த குந்தா திட்டம் மேற்கு விளிம்பின் ஓடைகளை அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி, போர்த்திமந்து என்று அணைகளாகக் கோத்தது. பள்ளத்தாக்குப் புல்லும் சதுப்பும் நீருக்குள் போயின. எஞ்சியவற்றுக்குச் சாலை வந்தது. சாலை வந்த இடத்துக்கு நாற்றும் வந்தது.

ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பதனிடும் தொழிலுக்குச் சீகைப் பட்டை வேண்டும். வெளிநாட்டிலிருந்து வாங்கும் பட்டைக்குப் பதிலாக இங்கேயே வளர்க்கலாம் என்று ஐந்தாண்டுத் திட்டங்களின் கீழ் பெருந்தோட்டங்கள் எழுந்தன. மேட்டுப்பாளையத்துக்கு அருகே சிறுமுகையில் அமைந்த விஸ்கோஸ் ஆலைக்கு மரக்கூழ் வேண்டும்; அதற்குக் கற்பூரமும் சீகையும் போயின. அணைகளின் நீர்ப்பிடிப்பில் மண் அரிக்காமல் மரம் காக்கும் என்பது மூன்றாவது நியாயம். கேட்பதற்கு மிக நியாயமாக இருந்ததும் அதுதான்.

அந்த நியாயத்தைச் சோதித்த ஆய்வு நீலகிரியிலேயே, கிளென்மார்கனில் நடந்தது. மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் உதகை மையம் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டது. ஒன்றைப் புல்லாகவே விட்டது. மற்றதில் 59 விழுக்காடு பரப்பில் கற்பூர மரம் நட்டு, இரண்டிலிருந்தும் வழியும் நீரை ஆண்டுக்கணக்கில் அளந்தது. முதல் பத்தாண்டுச் சுழற்சியில் மரம் நட்ட பக்கத்தில் நீர்வரத்து சராசரியாக 16 விழுக்காடு குறைந்தது. வெட்டிய தூர்களிலிருந்து மறுதுளிர் எழுந்த இரண்டாம் சுழற்சியில் குறைவு 25 விழுக்காட்டைத் தொட்டது. கோடையில் அணைக்கு உதவும் ஊற்றுநீரும் கூடவே குறைந்தது. அணைக்காக நட்ட மரம் அணையின் தண்ணீரையே குடித்தது. மின்வாரியமும் வனத்துறையும் இந்த முடிவை ஒரே மேசையில் வைத்துப் படித்திருக்க வேண்டிய காலத்தில் நாற்றங்கால்களில் வேலை நடந்துகொண்டிருந்தது.

பெருமழை பெய்யும்போது புல்லும் சதுப்பும் என்ன செய்கின்றன என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மில்லிமீட்டர் மழை பதிவானது. அப்படிப்பட்ட நீரை நின்று வாங்கி, ஜனவரி வரை கசியவிடுவது சதுப்பின் கரிய மண். பவானியும் மோயாறும் வறண்ட மாதங்களில் சுமந்து செல்லும் நீரில் ஒரு பங்கு இந்தச் சதுப்புகளிலிருந்து இறங்குவது.

எண்ணத் தொடங்கிய காலம்

நீலகிரியில் வழக்கறிஞராக இருந்த ஈ.ஆர்.சி. டேவிதார் வரையாட்டின் மேல் கொண்ட ஈடுபாடு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். வேட்டைச் சங்கம் வனவிலங்குச் சங்கமாக மாறிய தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். 1963இல் நீலகிரியிலும், 1975இல் இன்னும் விரிவாகவும் அவர் நடத்திய கணக்கெடுப்புகள், எந்தக் குன்றில் எத்தனை ஆடு, எந்தக் குன்றில் இனி இல்லை என்று குன்று குன்றாகச் சொன்னவை. 1969இல் விலங்கியலாளர் ஜார்ஜ் ஷாலர் வரையாட்டின் நடத்தையைப் பதிவு செய்தார். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரையாட்டை முதல் அட்டவணையில் சேர்த்ததும் 1879இல் தொடங்கிய உரிம வேட்டை முற்றாக முடிந்தது.

1982இல் சரணாலயத்தின் எல்லை வரையப்பட்டபோது அது வரையாடு எஞ்சியிருந்த இடத்தைச் சுற்றியே வரையப்பட்டது. அந்த எல்லைக்குள் சீகை, பைன், கற்பூரத் தோட்டங்களும் இருந்தன. புல்வெளியில் புதிதாக நடுவது நின்றது 1980களின் இறுதியில்தான்.

பிறகு 1993இல் வந்தது ரங்கநாதனின் பக்கத்துக்கு வலுசேர்த்த சான்று. ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் நீலகிரிச் சதுப்பு மண்ணை அடுக்கடுக்காக வெட்டியெடுத்து ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு அது. சாண்டிநல்லா போன்ற இடங்களின் கரிய மண்ணில் பல்லாயிரம் ஆண்டுத் தாவர எச்சம் அடுக்காகப் படிந்திருக்கிறது. வெப்பமண்டலப் புல் கரியமில வாயுவை உள்வாங்கும் முறை வேறு, மரத்தின் முறை வேறு. அதனால் இரண்டின் உடலிலும் தங்கும் கார்பன் ஐசோடோப்பு விகிதமும் வேறு. அடுக்கின் வயதைக் கதிர்க்கார்பனால் கணித்து, விகிதத்தை அளந்தால் அந்தக் காலத்தில் அங்கே புல் மிகுந்திருந்ததா மரம் மிகுந்திருந்ததா என்று தெரிந்துவிடும். கடந்த 20,000 ஆண்டுகளில் பருவமழை வலுத்தபோது மரமும், வலுவிழந்து வறண்டபோது புல்லும் கை ஓங்கின என்று அது காட்டியது. இம்மலையில் யாரும் எருமை மேய்ப்பதற்கு முன்பே புல் இருந்தது. இதைவிடத் தெளிவான சான்றைப் புல்வெளியின் பக்கம் யாரும் கொண்டுவந்ததில்லை.

பிடுங்குவதும் விட்டுவைப்பதும்

நடவு நின்றாலும் சீகை நிற்கவில்லை. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீ பட்டால் ஓடு வெடித்துக் கூட்டமாக முளைக்கும். முதிர்ந்த மரத்தை வெட்டினால் வெயில் பட்ட தரை அடுத்த மழையிலேயே பச்சைக் கம்பளமாகும். ஒவ்வொரு இழையும் ஒரு சீகைக் கன்று. வேரில் தங்கும் நுண்ணுயிரால் மண்ணில் தழைச்சத்தைக் கூட்டி, ஏழை மண்ணில் வாழப் பழகிய மலைப்புல்லுக்கு அந்த இடத்தையே அந்நியமாக்கிவிடும். ஐரோப்பாவிலிருந்து வந்த ஸ்காட்ச் புரூம் புதரின் கதையும் இதுவே: காய் முற்றியதும் வெடித்து விதையைத் தொலைவில் தெறிக்கவிடும். பழனி மலையைச் செயற்கைக்கோள் படங்களால் ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, நாற்பது ஆண்டுகளில் அங்கே புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகக் கண்டது. முக்கூர்த்தி அந்த நிலையை எட்டாதது அதன் தொலைவாலும் காற்றாலும்தான்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீடும், 2022இல் தமிழக அரசு அறிவித்த அயல் ஊடுருவல் தாவரங்கள், சூழல் மீட்புக் கொள்கையும் அகற்றும் வேலைக்கு வேகம் தந்துள்ளன. எல்லாச் சீகையையும் வெட்டுவதே மீட்பு என்று எண்ணுவது தவறு. சோலையை ஒட்டிய பழைய தோட்டங்களின் நிழலில், பனி படாத இடத்தில் சோலை மரக் கன்றுகள் எழுந்து வருவதை ஆய்வாளர்கள் பல இடங்களில் பதிவு செய்திருக்கிறார்கள். அத்தகைய தோட்டத்தை இயந்திரம் வைத்துச் சாய்த்தால் கன்றும் போகும், சீகைக் காடும் புதிதாக எழும். என் கருத்தில் முதலில் கவனிக்க வேண்டியது திறந்த புல்லில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் இளங்கன்றுகளை. மழை விட்டு மண் இளகியிருக்கும்போது அவை கையோடு வேரும் சேர்ந்து வரும். ஓராண்டு தாமதித்தால் மண்வெட்டி வேண்டும், ஐந்தாண்டு தாமதித்தால் கோடாரி வேண்டும், பிறகு துளிர்க்கும் தூரோடு போராட வேண்டும். இந்த வேலை குறைந்த செலவில் முடிவது. ஆனால் ஆண்டுதோறும் விடாமல் நடக்க வேண்டியது. ஒப்பந்தமும் நிதியாண்டும் அறிந்த நிர்வாகத்துக்கு இந்த ‘ஆண்டுதோறும்’ கடினமாக இருக்கிறது. வெட்டிய இடத்தில் மலைப்புல்லின் தூரைப் பிரித்து நட்டு, அது பிடிக்கும்வரை காவல் காப்பதும் அப்படியே.

தோடர்களின் அறிவு இந்த இடத்தில் வேண்டும். வளைந்த கூரையுள்ள அவர்களின் கோயில்களை வேய்வதற்குச் சதுப்பில் வளரும் குறிப்பிட்ட புல் ஒன்று வேண்டும். வேறு புல் ஆகாது. சீகை சூழ்ந்து சதுப்பு வற்றியதால் அந்தப் புல்லைத் தேடித் தொலைவுக்குப் போக வேண்டியிருக்கிறது. எந்தச் சதுப்பில் எப்போது நீர் நின்றது, எந்தச் சரிவில் எருமை எந்த மாதம் மேய்ந்தது என்பது அவர்களின் சடங்குகளிலும் இடப்பெயர்களிலும் பதிந்திருக்கிறது. நிலத்தை வெற்றிடம் என்று பதிவுசெய்த ஆவணங்களைவிட மீட்புக்கு நம்பகமான வரைபடம் அது. மீட்புத் திட்டத்தில் தோடர்கள் கூலிக்கு வருபவர்களாக மட்டும் இடம்பெறுவதை ஏற்க முடியாது. எங்கே தொடங்குவது என்று முடிவெடுக்கும் இடத்தில் அவர்கள் இருக்க வேண்டும்.

2022 டிசம்பரில் தமிழக அரசு 25.14 கோடி ரூபாயில் நீலகிரி வரையாடு திட்டத்தைத் தொடங்கியது. அக்டோபர் 7ஆம் நாளை டேவிதாரின் நினைவாக வரையாடு நாள் என்றும் அறிவித்தது. 2024இல் நடந்த ஒருங்கிணைந்த கணக்கெடுப்பு தமிழகத்தில் 1,031 வரையாடுகள் என்றது, 2025இல் 1,303. ஓராண்டில் கால்வாசிக்கு மேல் ஆடு பெருகிவிட்டதாக இதைப் படிக்கக் கூடாது. இரண்டாம் முறை பார்த்த இடங்கள் அதிகம், பார்த்தவர்களுக்குப் பழக்கமும் அதிகம். இரண்டு பேர் தனித்தனியே எண்ணி ஒப்பிடும் முறை கையாளப்படுவதால், இதே இடங்களில் தொடர்ந்து எண்ணினால் சில ஆண்டுகளில் போக்கு தெரியும். திட்டத்தின் பட்டியலில் புல்வெளி மீட்பும் இருக்கிறது. ஆட்டை எண்ணும் அதே குன்றுகளில், அதே நாட்களில், எவ்வளவு புல் திறந்திருக்கிறது, எத்தனை சீகைக் கன்று புதிதாக ஏறியிருக்கிறது, எந்தச் சதுப்பில் நீர் நிற்கிறது என்பதையும் காவலர்கள் குறித்துவந்தால், 1879இலிருந்து தனித்தனியே போன இரண்டு கணக்கேடுகளும் ஒன்றாகும். அதற்கான ஆட்களும் வழித்தடங்களும் கணக்கெடுப்பில் ஏற்கெனவே இருக்கின்றன.